நான்காம் மாடியின் குற்றம்

இரண்டு மழைக்காலம்
மேல்வீட்டு நவல்கர் அம்மாவை வெறுத்தேன்.
காரணம் என் படுக்கையறைக் கூரையில் இருந்தது.
முதலில் ஒரு ரூபாய் அகலம்,
கணபதி ஊர்வலத்துக்குள் தோசைக்கல் அளவு,
தீபாவளிக்குச் சுண்ணாம்பு உப்பித்
தலையணையில் உதிர்ந்தது.

செம்பூரில் இதெல்லாம் சகஜம் என்றார் செக்ரட்டரி.
நான் கடிதம் எழுதினேன். ஏழு கடிதம்.
ஏழிலும் ஒரே பெயர்.

இதற்கு நடுவில்
கோராய்க்குப் படகேறிப் போய்ப்
பத்து நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்தும் வந்தேன்.
ஞானம் மூன்று விதம் என்றார்கள் ஒரு மாலையில்:
கேட்டு வருவது,
யோசித்து வருவது,
தானே கண்டு வருவது.
அழகாக இருந்தது. பேனாவுக்கு அனுமதியில்லை,
மனதில் எழுதிக்கொண்டேன்.
திரும்பும் படகிலேயே
எட்டாவது கடிதத்தின் முதல் வரியையும்.

சுமேத் வாக்மாரே வந்தது ஜூலையில்.
கோவண்டிப் பையன், பைப் வேலை,
ஸ்கூட்டர் முகப்பில் ஐந்து நிறக் கொடி,
பையில் குறடு, சணல், ரம்பம்,
ஒரு டப்பா சிவப்புச் சாயம்.

"மேல்வீடுதான்" என்றேன்
அவன் செருப்பைக் கழற்றும் முன்பே.
அவன் சுவரில் புறங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
நகர்த்தி மறுபடி வைத்தான்.
"தெரியலை" என்றான்.

அந்தச் சொல்லை
அவ்வளவு நிதானமாக
யாரும் என்னிடம் சொன்னதில்லை.
எரிச்சலாக வந்தது.

மேலே போய்க் குளியலறையில் சாயத்தை ஊற்றிவிட்டுக்
கீழே வந்து நாற்காலி போட்டுக்
கூரையைப் பார்த்தான். ஒரு மணி நேரம்.
அவனுக்கு வைத்த டீயில் ஆடை படிந்தது.
நான் சிவப்பை வேண்டிக்கொண்டிருந்தேன்,
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
ஒரே ஒரு சொட்டுச் சிவப்பு.

சொட்டியது.
நிறமில்லாமல்.

பிறகு சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி
மழைக்குழாயைப் பார்த்தவன் சிரித்தான்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
மூட்டு விரிந்த இடத்தில்
முழங்கை உயரத்துக்கு ஓர் அரசங்கன்று.
இலைக்கு இலை வால் நீட்டிக்கொண்டு
மழையில் தளதளவென்று.

எந்தக் காக்கையோ, எந்தப் பழமோ,
சிமெண்டில் மணலைக் கூட்டியவன் எவனோ.
குழாயை மாற்ற வேண்டாம், செலவு என்று
கூட்டத்தில் கை தூக்கியவர்கள் பதினொரு பேர்.
அதில் ஒன்று என் கை.
மாற்றச் சொல்லி ஒற்றை ஆளாய் நின்றவர்
நவல்கர் அம்மா.

"உங்களுக்கு இது புனித மரமாச்சே..." என்று இழுத்தேன்.
"அவர் மரத்தடியில்தான் உட்கார்ந்தார், பைப்பில் இல்லை"
என்று ரம்பத்தை எடுத்தான்.

நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்னான்:
"வேர் உள்ளதான் இருக்கு. திரும்ப வரும்.
மழைக்கு முன்னாடி ஒரு தடவை,
பின்னாடி ஒரு தடவை
எட்டிப் பாருங்க."

கூரை காய்ந்துவிட்டது.
கறையின் விளிம்பு மட்டும்
ஏதோ தேசத்தின் எல்லைக்கோடு மாதிரி.

நேற்று மன்னிப்புக் கேட்க மேலே ஏறினேன்.
பாதிப் படியில், திருப்பத்தில், ஒரு சன்னல்.
அங்கிருந்து குழாய் தெரிகிறது.
வெட்டிய இடத்தில்
செம்புக் காசு போல ஒரு துளிர்.

மேலே கதவுக்குப் பின்னால்
குக்கர் கூவிக்கொண்டிருந்தது.
என் எட்டுக் கடிதங்களையும்
எந்த டிராயரில் வைத்திருப்பாரோ.