தலை எண்ணுதல்

விஞ்ஞான ரீச்சருக்குக் காய்ச்சல்.
அதனால்தான் கணித வாத்தியான நான்
விடிய ஐந்தரைக்கு, முத்தையன்கட்டுச் சந்தியில்,
பஸ் வாசலில் நின்று
ஒவ்வொரு தலையாய்த் தொட்டு எண்ணினேன்.
முப்பத்திநாலு.
பிட்டுப் பார்சல் முப்பத்தைந்து.

வவுனியாவில் பழைய நெற்களஞ்சியம் ஒன்றை
வெள்ளையடித்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள்.
உள்ளே இன்னமும் உமி மணம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கோல் அடைத்த அழுங்கு.
'மிக அரிது. இரவில் மட்டும் நடமாடும்' என்றது அட்டை.
"எங்கட கோழிக்கூட்டுக்குப் பின்னால திரியுது சேர்,"
என்றான் கவிப்பிரியன்.
"போன கிழமையும் கறையான் புத்தைக் கிண்டினது."

தேவாங்கின் கண்ணுக்கு மாபிள் வைத்திருந்தார்கள்.
அதைப் பார்த்து ஒருத்தி அழுதாள்,
அழுதவளைப் பார்த்து இன்னொருத்தி சிரித்தாள்.
போத்தலுக்குள் சுருண்ட கண்ணாடிப்புடையனை மட்டும்
எல்லோரும் ஓரடி விலகியே கடந்தார்கள்.
செத்தாலும் அதற்கு மரியாதை.

எனக்கு ஒன்றும் தெரியாது.
கேட்டவர்களுக்கெல்லாம் "அட்டையை வாசி" என்றேன்.
ஒரு போத்தலில் குளத்து அட்டை கிடந்தது;
அதற்கு மட்டும் அட்டை இல்லை.

நடு மண்டபத்தில் யானை.
தோல் இல்லை, தும்பிக்கை இல்லை,
கம்பியும் ஆணியும் பிடித்து நிறுத்திய
எலும்பு மட்டும்.
யதுர்ஷிகா விரல் நீட்டி எண்ணத் தொடங்கினாள்.
நான் பழக்கியதுதான்:
எண்ணிப் பார்க்காமல் விடை எழுதாதே.
முன்னங்கால், பின்னங்கால், வால் வரை போய்
தலைக்குத் திரும்பி நின்றாள்.
"சேர், கீழ்த்தாடை காணேல்லை."

அட்டையில் இருந்தது:
பெண். வயது இருபதளவில்.
கண்டெடுத்த இடம் நெடுங்கேணிக் காடு.
இறப்புக்கான காரணம்: உணவு உட்கொள்ள இயலாமை.

உட்கொள்ள இயலாமை.
அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து
எழுதிய சொல்.

"பூசணிக்காய்க்குள்ள வெடி வைக்கிறது சேர்,"
பின்னால் யாரோ.
"கடிச்ச உடன..."
மிச்சத்தை ஒருவரும் சொல்லவில்லை.
பூசணி போடாத வீடு எங்கள் வகுப்பில் இல்லை.
யார் தோட்டத்துப் பூசணி என்று
நானும் கேட்கவில்லை.

மத்தியானம் வேப்பமரத்தடியில்
பார்சலைப் பிரித்தால்
பிட்டோடு பூசணிக்காய்க் கறி.
பசித்தவர்கள் சாப்பிட்டார்கள். நானும்.
யதுர்ஷிகா மட்டும் துண்டுகளை
ஓரமாய் ஒதுக்கி வைத்தாள்.
ஐந்து துண்டு.

வெளிக்கிடும்போது முப்பத்திமூன்று.
மறுபடி எண்ணினேன். முப்பத்திமூன்று.
ஒன்று என்பது இவ்வளவு பெரிய எண் என்று
ஒரு நாளும் நான் படிப்பித்ததில்லை.
ஓடினேன்.

கயிற்றைத் தாண்டிப் போய்
விலா எலும்புகளுக்குள்ளே
குந்தியிருந்தான் தேனுஜன்.
"அம்மா சொன்ன பங்கர்
இவ்வளவுதான் இருக்குமோ சேர்?
ஏழு பேர் எப்பிடி இருந்தவை?"

அளவு எனக்குத் தெரியும்.
நீளம் ஆறடி, அகலம் நாலடி,
ஆழம், குனிந்த என் அம்மாவின் தலைமட்டம்.
"பஸ் வெளிக்கிடப் போகுது, வா" என்றேன்.

புளியங்குளத்தில் டயருக்குக் காற்றுப் போய்,
ஒட்டுப் போட்டு முடிய இருட்டிவிட்டது.
பாதிப் பேர் நித்திரை.
ஒருவன் என் மடியில் சத்தியெடுத்தான்.

நெடுங்கேணி கடந்த காட்டு ரோட்டில்
லைற் வெளிச்சத்தில் ஒரு குவியல் லத்தி,
இன்னும் ஆவி பறந்தபடி.
சாரதி சிங்கராசா எஞ்சினை நிப்பாட்டினார்.
பிறகு லைற்றையும் நூர்த்தார்.

பாலை மரங்களுக்கு அப்பால் ஏதோ ஒன்று
கொப்பை முறித்தது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மெல்லும் சத்தம்,
அவசரமில்லாமல்,
ஈர உரலில் இடிப்பதுபோல.

நித்திரை கொண்டவர்களும் எழும்பிவிட்டார்கள்.
யதுர்ஷிகா என் காதுக்குள் கேட்டாள்:
"இதுக்குத் தாடை இருக்கு, என்ன சேர்?"
"ஓம்."

ஹோன் அடிக்கச் சொல்லி
ஒருவரும் கேட்கவில்லை.