பின்னோக்கி இறங்குபவள்

பாகுரியானியில், தேர்வன்று காலை,
எல்லோருக்கும் முன்னால் கீழே வந்து நின்றேன்.
ஓதார் அட்டையில் எதையோ கிறுக்கினார்.
"அருமையாக இறங்குகிறாய், நெஸ்தான்.
தேறவில்லை."

வலப்பக்கம் திரும்பும்போது
உன் இடது முழங்கால் என்ன செய்கிறது என்றார்.
பதினோரு வருடமாக அதன்மேல்தான் நிற்கிறேன்.
தெரியவில்லை.
நாக்கு எங்கே மடிகிறதென்று
யோசித்துக்கொண்டா பேசுகிறோம்?

அதுவரை தண்ணீர்ப் புட்டி ஆலையில்
கணக்கு எழுதினேன்.
வெள்ளிக்கிழமை மாலை மினிபஸ்ஸில்
முன்பின் தெரியாதவர்களின் மடிமேல்
என் சறுக்குப் பலகைகள் நீண்டு கிடக்கும்.
திங்கட்கிழமைக் கூட்டல்கள் எல்லாம்
உதடு வெடித்தவளின் கூட்டல்கள்.
ராஜினாமாக் கடிதத்தில், காரணம் என்ற இடத்தில்,
'பனி' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்.

வேகமாக இறங்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
மெதுவாக இறங்க
ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது.

இப்போது மலை என்பது எனக்கு
எண்பது மீட்டர்,
கயிற்று வேலியிலிருந்து கயிற்று வேலி வரை.
நாள் முழுக்கப் பின்னோக்கி இறங்குகிறேன்
மாணவர் முகத்தைப் பார்த்தபடி,
பள்ளத்தை முதுகால் தடவியபடி.
பயம் முதலில் கண்ணுக்கு வருவதில்லை,
கால் கட்டைவிரலுக்கு வருகிறது.
காலணிக்குள் அது சுருண்டுகொள்வதை
இங்கிருந்தே சொல்வேன்.

குத்தாய்சியின் பல் மருத்துவர் வாஜா,
ஊரார் வாய்க்குள் நடுங்காத கையில்
ஊன்றுகோல் நடுங்குகிறது.
விழுந்தார். மறுபடி விழுந்தார்.
மீசை முழுக்கப் பனி.
ஒட்டவே இல்லை என்றார்.

ஆறு வயது லிலேவிடம் சொல்கிறேன்:
முன்முனைகளைச் சேர், பின்பக்கத்தை விரி,
கச்சாபுரி ரொட்டியில் வெட்டிய துண்டு மாதிரி.
"உள்ளே சீஸ் இருக்கா?"
நின்றுவிட்டால் இருக்கு.

கரும்பு தின்னக் கூலியா என்கிறார்கள்
ஆலையின் பழைய தோழிகள்.
தின்பவர்கள் இப்போது இவர்கள்.
நான் கணு வெட்டித் தருகிறேன்.
கூலியில் பாதி பள்ளிக்கு,
மீதியில் கொஞ்சம் முழங்கால் களிம்புக்கு.
ஏப்ரலில் என் சம்பளம்
ஓடையாகிக் கீழே ஓடிவிடும்.
மே மாதம் ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறேன்.
அதுவும் வெள்ளைதான், அதுவும் ஈரம்தான்.
சரிவு மட்டும் இல்லை.

திங்கள் விடுமுறை.
அநேகமாகத் தூங்கிவிடுவேன்.
சென்ற வாரம் தூங்கவில்லை.
கடைசி லிஃப்ட்டில் உச்சிக்குப் போய்
ஆளில்லாச் சரிவில் பழைய மாதிரி விட்டேன்.
பழைய மாதிரி வரவில்லை.
பாதி வழியில் வாய் தானாகத் திறந்தது:
பார்வை தூரத்தில், எடை வெளிக்காலில், அவசரமில்லை.
காற்றைத் தவிர யாரிருக்கிறார்கள் கேட்க?
இடது முழங்கால் கேட்டது.
முன்னால் அழுந்தி, ஒரு விரற்கடை உள்ளே சாய்ந்து,
மலையை மெல்லத் திருப்பியது.
அட, இதுதானா,
இத்தனை வருடம் என்னிடம் சொல்லாமல்
நீ செய்துகொண்டிருந்தது?
ஓதாரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.
அவர் இப்போது துருக்கி எல்லைப் பக்கம்
ஏதோ பள்ளியில் இருக்கிறார்.

செவ்வாய். பொடிப்பனி.
லிலேவின் பலகை முனைகளைப் பிடித்திருந்தேன்,
பிறகு பிடிப்பதுபோல் இருந்தேன்.
பின்னோக்கிப் போகிறவளுக்கு
ஒருத்தி தன்னைக் கடந்துவிட்டது
உடனே தெரியாது.
எதிரே வெறும் மலை.
கோணலாக இரண்டு கோடுகள்
என்னை உரசிக்கொண்டு போயிருந்தன.

திரும்புவதற்குள் கீழ்வேலியில் சிக்கி
"சீஸ் இருக்கு!" என்று கத்துகிறாள்.

வழியில் ஒரு கையுறை கிடந்தது, சின்னது, இடக்கையுடையது.
குனிந்து எடுத்துக்கொண்டு
முன்னோக்கி இறங்கினேன்.