நாற்பத்தொரு மீட்டர்

காலணிக்கு ஏழாயிரத்து இருநூறு.
கம்பளித் தொப்பி இரண்டும்
நசீமாவின் மாமி ஷார்ஜாவிலிருந்து அனுப்பியவை
(அங்கே எதற்குக் கம்பளி என்று இன்றுவரை தெரியவில்லை).
உத்தரகாண்டில், பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில்
உறைந்து கிடக்கும் ஓர் ஏரியின்மேல்
நடப்பதாக இருந்தோம்.
அதற்காக ஆறு மாதம்
சில்வர் பீச் மணலில் ஓடிப் பழகினோம்,
நாய்கள் கூடவே ஓடிவர.

பிறகு புயல் வந்தது.
டிசம்பரில் விடுப்புக் கேட்கும் மின்வாரியக்காரியை
எப்படிப் பார்ப்பார்களோ
அப்படிப் பார்த்தார் செயற்பொறியாளர்.
பதினெட்டு நாள்.
கம்பம், கம்பி, மறுபடி கம்பம்.
"எங்க தெருவுக்கு எப்பம்மா?"
குறிஞ்சிப்பாடிச் சாலையில்
முழங்கால் சேற்றில் நான் நின்ற மாலையில்
டெல்லி ரயில் எங்கள் இரண்டு இருக்கைகளோடு
தன்பாட்டுக்குப் போயிற்று.

இன்று மார்கழி ஞாயிறு.
கோயில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமுவதற்குள்
வண்டிப்பாளையம் தாண்டிவிட்டோம்.
கேப்பர் மலை.
ஊரில் எல்லாரும் மலை என்றுதான் சொல்கிறார்கள்,
பேருந்துப் பலகையும் ஒப்புக்கொள்கிறது.
ஏறுகிறோம் என்று தெரிவதற்குள் ஏறி முடிந்துவிடும்.
நசீமா கைப்பேசியைப் பார்த்தாள்:
"நாற்பத்தொரு மீட்டர்.
காது அடைக்குதா?"
சிரித்துத்தான் எனக்கு மூச்சிரைத்தது.

சிறை மதில் பின்னால் போனதும்
செம்மண்.
முந்திரித் தோப்பில் இடுப்பளவு பனி.
சாய்ந்த மரங்கள் சாய்ந்தபடியே,
வேர்ப்பக்கம் ஆள் உயரம் எழும்பி
மண்கட்டி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.
பாதி வேர் மண்ணில் மாட்டிக்கொண்ட ஒன்று மட்டும்
படுத்த வாக்கிலேயே
செம்பு நிறத்தில் துளிர்த்திருந்தது.
நான் என்னையறியாமல் கம்பங்களை எண்ணினேன்.
நசீமா என் தாடையைப் பிடித்து
கடல் பக்கம் திருப்பினாள்.
கடல் ஒரு கோடு.
அதுவும் பனியில் பாதி அழிந்த கோடு.

விறகு பொறுக்கிக்கொண்டிருந்த தனபாக்கியம்
எங்கள் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"கால்ல புண்ணா?"
இல்லை, ஏரி பார்க்க வந்தோம் என்றோம்.
"ஏரியா? இங்கயா?"
கொஞ்சம் யோசித்து, கொடுவாளால் வழி காட்டினாள்.

கல் வெட்டியெடுத்த பழைய பள்ளம்.
சுவரெல்லாம் உளித் தடம், தேன்கூடு போல் துளைகள்.
அடியில், மேலே இருந்த வானம் முழுவதும்
தேநீர் நிறத்தில்.

"போன மாசம் வரைக்கும் வெறுங்குழிதான்.
ஆட்டுக்குட்டி விழுந்தா ஏணி வச்சு எடுப்போம்.
இது அந்த ராத்திரி பேஞ்ச தண்ணி."

எந்த ராத்திரி என்று நான் கேட்கவில்லை.
துணைமின் நிலையத்தில் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
மஞ்சக்குப்பத்தை அணை, முதுநகரை அணை,
தேவனாம்பட்டினத்தை அணை என்று
ஊரை ஒவ்வொரு துண்டாக இருட்டிக்கொண்டிருந்தேன்.
கூரைத் தகடு பறந்த சத்தம்.
ரயில் போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.
இங்கே யாரும் இல்லாமல்
இது நிரம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

காலணியைக் கழற்ற
நாடாவோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டினோம்.
பாதத்தை வைத்ததும் குளிர்
கணுக்காலைக் கவ்வியது, விடவில்லை.
நசீமா "யா அல்லா" என்று காலை இழுத்து
மறுபடி வைத்தாள்.
ஒரு தவளை எங்களை மதிக்காமல் கடந்து போனது.
சுக்குக் காபி ஆறிப்போயிருந்தது.
குடித்தோம்.

கிளம்பும்போது என் தொப்பியைத் தனபாக்கியத்திடம் நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
இழுத்துப் பார்த்தாள்,
நாலாய் மடித்து உச்சியில் சும்மாடாக வைத்து
விறகுக்கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள்.
ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
"கெட்டியா இருக்கு," என்றாள்,
நடந்தபடி.

நாங்கள் பின்னால் இறங்கினோம்,
காலணிக்குள் ஈரம்
சளக் சளக் என்று.