அம்மா கணக்கில் ஏழு பெண்கள்

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சுவர்தான்
பக்கத்து வீட்டுக்கும் சுவர்.
நான் போனில் பேசுவதை
அடுக்களையில் பட்டாணி உரித்தபடி
அம்மா வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள்.

"டோரா வேணும்டா இன்னைக்கு, தொண்டை வறளுது."
"மோனிக்கா இல்ல, மாசக் கடைசி."
"நான் புதுச்சட்டை போட்டா அவனுக்கு ஜெசிக்கா."
"பிரிசில்லா நிக்கிறா பாயின்ட் ரோடு முனையில,
சுத்திப் போ. உர்சுலா?"

டோரா குடி. மோனிக்கா காசு.
ஜெசிக்கா பொறாமை, சில்லா சிகரெட்.
பியூலா என்றால் அழகன்; அவன் வந்தால் பேச்சு நின்றுவிடும்.
உர்சுலா: புரியுதா.
பிரிசில்லா போலீஸ்.
வேனில் ஏற்றி அடித்தவர்களுக்கு
ஒரு பெண்ணின் பெயர் வைத்துச் சிரித்த யாரோ
எனக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள்,
கேப்டவுன் சலூன் ஒன்றில், கையில் சீப்போடு.

"அந்த மோனிக்கா நல்ல குடும்பமா?"
என்றாள் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை.
டோராவை அவளுக்குப் பிடிக்கவில்லை,
ராத்திரியில்தான் வருகிறாளாம்.
பிரிசில்லா வாயாடியாக இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் இத்தனை பேர் ஏன் ஓடுகிறார்கள்.

எங்கள் வீட்டுக்குள் தமிழும் இப்படித்தான் வந்தது.
பிள்ளைகள் முன்னால் இங்கிலீஷ்.
கடன், கர்ப்பம், கேன்சர், யார் யாரோடு ஓடினாள்
என்று பேச்சு திரும்பினால்
அம்மாவும் தேவகி அத்தையும்
தமிழுக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.
சாவித்துவாரத்தில் காதை வைத்து
இந்த மொழியைப் படித்தவன் நான்.
இன்றும் என் தமிழில் கடனும் கர்ப்பமும் சரளம்.
பூக்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

சட்டம் நம்மைக் கல்யாணமே கட்டச் சொல்கிறது
என்பான் குபேன்.
சட்டம் மினிபஸ்ஸில் ஏறுவதில்லை.
ஃப்ளோரிடா ரோட்டில் அவன் கை என் தோளில்.
வார்விக் சந்திப்பில் இரண்டு சாண் தள்ளி.
வண்டிக்குள் உட்கார்ந்ததும்
என் குரல் இரண்டு படி இறங்கி
தாய்மாமன் போல இருமும்.
"மோஃபி" என்று பின் சீட்டில் யாராவது சொன்னால்
நான் ஜன்னலுக்கு வெளியே
ஏதோ கடைப்பலகை படிப்பேன்.

க்வாமாஷுவுக்குப் போகிற ம்தோகோசிசியிடம்
வேறொரு பாஷை உண்டு,
கிழவர்களும் மறந்த ஜுலுச் சொற்களால் ஆனது.
என் பெண்களில் நான்கைக் கொடுத்து
அவனிடம் மூன்று சொற்கள் வாங்கினேன்.
அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை.
மார்க்கெட் வாசலில் லைசென்ஸ் இல்லாமல்
சமோசா விற்கிற என் அம்மா போன் செய்தாள்.
"டேய், பிரிசில்லா வந்துட்டா.
பெட்டியைத் தூக்க வா."

நான் சலூனில், ஒரு தலைக்கு
பாதி சாயம் பூசிய நிலையில்.
கையுறையைக் கழற்ற மறந்து ஓடினேன்.
குபேன்தான் கார் ஓட்டினான்.
பெட்டியின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவன்,
நடுவில் எண்ணெய் சூடு ஆறாத அம்மா.
"யார் இது பையன்?" என்றாள் மிளகாய் விற்பவள்.
அம்மா இங்கிலீஷில், "ஃபிரெண்ட்."
பிறகு தமிழில் என்னவோ. காற்று அடித்தது, கேட்கவில்லை.

காரில் யாரும் பேசவில்லை.
சிக்னலில் அவளே கேட்டாள்:
"மோனிக்கா இருக்கா? பெட்ரோலுக்கு நான் தரட்டுமா?"
குபேனுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது.
எனக்கு வெறும் கண்ணீர்.

"எத்தனை பேரைத் தெரியும்மா உனக்கு?"
விரல் விட்டாள். ஆறு.
"அந்த உர்சுலாதான்டா யாருன்னு தெரியல.
எப்பவும் கடைசியில அவளைக் கூப்பிடுவே,
அவ பதிலே சொல்ல மாட்டா."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.

"ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா"
என்றவள் பெட்டியைத் திறந்து எண்ணினாள்:
பதினெட்டு மிச்சம், இரண்டு உடைந்தது.
உடையாத ஒன்றை
முன்சீட்டுக்கு நீட்டினாள், குபேனிடம்.