இருநூற்று அறுபது மைல்

இந்த ஊரில் பனி வெட்ட ஆள் உண்டு,
புல் வெட்ட, பைன் மரம் வெட்ட,
நாய்க்கு முடி வெட்டக்கூட
பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒரு கடை.
எனக்கு வெட்டத்தான் ஆளில்லை.

வந்த முதல் மாதமே போய் உட்கார்ந்தேன்.
கிறிஸ்டா நல்ல பெண், துண்டு போர்த்தினாள்.
அடுப்பு சுடுகிறதா என்று பார்ப்பவள் போல
என் தலைக்கு மேலே கையை நிறுத்திக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாள்.
‘தண்ணீர் தெளிக்கலாமா?’ என்றாள்.
காசு வாங்கவில்லை.

ஆகவே மைனாட்டிலிருந்து ஃபார்கோவுக்கு.
இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை
தானியக் கிடங்கில் இரவு வேலை முடித்து
உமி ஒட்டிய சட்டையோடு நேரே ஸ்டியரிங்.
வார்னி கோலி, லைபீரியாக்காரன்,
என் பேர் தெரிந்தும் ஊர்ப் பேரால்தான் கூப்பிடுவான்:
‘வா மைனாட், உட்கார்.’
பிடரியில் வெறும் தோலாய்த் தொடங்கி
காதுக்கு மேலே புகையாகி
உச்சியில் கெட்டிக் கருப்பாய்ச் சேரும் ஃபேட்.
முடி எங்கே ஆரம்பித்தது என்று
விரல் வைத்துச் சொல்ல முடியாது.
நெற்றியில் மட்டும் சொல்லலாம்.
கொத்தனார் நூல் பிடித்தது போல
அங்கே ஒரு கோடு.

மிச்சப் பதினான்கு நாளும் என் பாடு.
சுழியிலிருந்து வெளிப்பக்கமாக பிரஷ்,
மறுபடி சுழியிலிருந்து வெளிப்பக்கமாக,
கை ஓயும்வரை.
குளத்தில் கல் விழுந்துகொண்டே இருந்தால்தான்
வளையங்கள் நிற்கும்.
இந்தக் காற்று எலும்பையே காயவைக்கும்;
ஷியா வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கி
வேரில் தடவி, சாட்டின் துணியை இறுக்கிக் கட்டி
பகலில் தூங்குகிறேன்.
கட்டாமல் தூங்கிய அன்று
எல்லாவற்றையும் தலையணை குடித்துவிடும்.

ஜனவரியில் சாலையை மூடினார்கள்.
ஐந்தாவது வாரம். கோடு கரைந்து
கிருதாவும் தாடியும் ஒரே புதர்.
திங்களன்று ஃபோர்மேன் வேலைக்கு நேர்முகம்.
குளியலறையில் இரண்டு கண்ணாடி, ஒரு டிரிம்மர், நான்.
இடது ஓரம் மயிரிழை இறங்கியிருந்தது. ஏற்றினேன்.
இப்போது வலது இறங்கித் தெரிந்தது. ஏற்றினேன்.
இடது.
வலது.
என் நெற்றி
வடக்கு டகோட்டா போல விரிந்துகொண்டே போனது.

வார்னியை வீடியோவில் கூப்பிட்டேன்.
பார்த்தான். சிரிக்கவில்லை,
அதுதான் வயிற்றைக் கலக்கியது.
‘மிஷினைக் கீழே வை.’
‘வைத்துவிட்டேன்.’
‘பொய். சத்தம் கேட்கிறது.’

திங்களன்று மைனஸ் முப்பது.
கேள்வி கேட்டவர்களும் கம்பளிக் குல்லாவைக் கழற்றவில்லை.
தலைக்கு வந்தது குல்லாவோடு போயிற்று.
வேலை வேறொருவனுக்குப் போயிற்று, அது வேறு கதை.

வியாழன், மளிகைக் கடை, உறைந்த பட்டாணி வரிசை.
உள்ளே வெக்கை; மறந்துபோய்க் குல்லாவைக் கழற்றிவிட்டேன்.
விமானப்படைச் சீருடையில் ஒருவன்,
பெயர்ப்பட்டையில் பெட்டிஃபோர்ட்,
என் கண்ணைப் பார்க்குமுன் நெற்றியைப் பார்த்தான்.
‘யார் செய்தது?’
‘நானே.’
‘தெரிகிறது.’
தன் தொப்பியை எடுத்துக் காட்டினான்.
காதுக்கு மேலே எலி கடித்த ரொட்டி.
‘முகாம் கடை,’ என்றான், ‘டிப்ஸும் கொடுத்தேன்.’
நாங்கள் சிரித்த சிரிப்பில்
ஒரு கிழவர் தள்ளுவண்டியை வேறு வரிசைக்குத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை சாலையைத் திறந்தார்கள்.
பக்கத்து இருக்கையில் பெட்டிஃபோர்ட்,
மடியில் சோளச் சிப்ஸ்.
ஹார்வியில் டேப்பர் வேண்டும் என்றான்.
கேரிங்டனில், மேலே கொஞ்சம் வளரவிட்டுச்
சுருளைச் சுருளாகவே விட்டால் என்ன என்றான்.
‘உன் மேலதிகாரி?’ என்றேன்.
கொஞ்ச தூரம் பேசவில்லை.
ஜேம்ஸ்டவுனில் மொட்டையே போட்டுவிடலாம் என்றான்.
நான் எதற்கும் பதில் சொல்லவில்லை,
நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் மாறும்.

பிறகு வெயில் வந்தது.
இரவெல்லாம் யாரோ வண்டி ஓட்டிப் பனியைச் சீவியிருந்தார்கள்.
இருபுறமும் வெள்ளை, நடுவில் கருஞ்சாலை,
ஓரம் பிசகாமல், கண்ணுக்கெட்டும் வரை.
சிப்ஸ் மெல்வதை நிறுத்திவிட்டு
பெட்டிஃபோர்ட் முன்னால் சாய்ந்தான்.
‘அடேயப்பா,’ என்றான்,
‘யார் எடுத்த கோடு இது?’