தரையைத் தூக்கிப் பிடித்தவன்

சித்ராவில், ஸ்கிராப் யார்டில்,
கதவில்லாத ஒரு ஷெவர்லேயின் வயிற்றில் கிடந்தது கேசட்.
அமெரிக்கக் கப்பற்படைக்காரன் எவனோ மறந்துபோனது.
நாலு ஆண்கள், ஒரு பியானோ, இயேசு.
தவசிக்கனிக்கு இங்கிலீஷ் எட்டவில்லை.
நாலில் அடியில் கிடந்த குரல் மட்டும் எட்டியது.
"ஏல, இவன் பாடல.
தரையைத் தூக்கிப் பிடிச்சிருக்கான்."

குவைத் கிணறுகள் எரிந்த புகை
எங்கள் வானத்துக்கும் வந்து கறுத்த வருஷம் அது.
அலுமினிய ஆலையில் அவனுக்குப் பாட் ரூம் வேலை.
ஷிப்ட் முடிந்து மொட்டைமாடி ஏறுவான்.
ஏசி கம்ப்ரஸர்தான் சுருதிப்பெட்டி.
அது உறுமும் இடத்தைப் பிடித்து
அங்கிருந்து ஒரு படி கீழே,
இன்னொரு படி கீழே.
கீழ்வீட்டு எகிப்துக்காரர்
தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று புகார் கொடுத்தார்.

ஆள் சேர்ந்தோம்.
டெனர் எமர்சன், எக்ஸ்சேஞ்சில் காசு எண்ணுகிறவன்.
லீட் வின்ஃபிரட், அவன் முகத்துக்கே பாதிக் கைதட்டு.
பாரிடோன் நான்:
மூன்று பேரும் மிச்சம் வைத்த ஸ்வரத்தைப் பொறுக்குகிறவன்.
நான் நிறுத்தினால் ஏதோ குறைகிறதே என்பார்கள்,
எது என்று சொல்லத் தெரியாது.

மனாமா சூக்கில் சிந்தி டெய்லரிடம்
ஒரே தானில் நாலு கோட்டு.
தவசிக்கனியின் உடம்புக்குத் துணி பத்தவில்லை,
முதுகுக்கு மட்டும் வேறு நிறம்.
பதினோரு வருஷம்
எந்த மேடையிலும் அவன் திரும்பியதில்லை.
தோஹா, மஸ்கட், அபுதாபி,
பின்பக்கமாகவே நடந்து இறங்குவான்.
ஐந்நூறு கேசட் போட்டோம்.
முந்நூற்றி நாற்பது அவன் கட்டிலுக்கு அடியில்.

சல்மானியா பிணவறையில் ஒருதரம்.
சாரத்திலிருந்து விழுந்த பையன், வயது இருபத்திமூன்று,
பெட்டி மூடுமுன் பாடச் சொன்னார்கள்.
தவசிக்கனி வாய் திறக்கவில்லை.
உதடு மூடி ஒரே ஒரு ஸ்வரம்.
நாங்கள் மூவரும் அதன்மேல் காலூன்றி நடந்தோம்.
கையெழுத்து வாங்க வந்த பஹ்ரைனி கிளார்க்
பேனாவை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

பிறகு எமர்சனுக்குக் கனடா கிடைத்தது.
வின்ஃபிரட் சீட்டுப் பணத்தோடு ஓர் இரவில் காணாமல் போனான்.
அதில் என் நூற்றி எண்பது தினார்.
அவனுக்கு ஜாமீன் நின்றது தவசிக்கனி.

ஸ்தோத்திரப் பண்டிகை வெள்ளிக்கிழமை.
நோட்டீஸில் நால்வர் என்று அச்சாகிவிட்டது.
தவசிக்கனி தனியாக ஏறினான், அதே கோட்டில்.
மெட்டைத் தொடவில்லை.
தன் வரியை மட்டும் பாடினான்.
வின்ஃபிரட் பாடவேண்டிய எட்டு அளவுகளையும்
கண்ணை மூடி, விரலால் தொடையில் எண்ணி, காத்திருந்தான்.
ஃபேன் சத்தம். யாரோ இருமினார்கள்.
"அங்கிள் மறந்துட்டாரா?" என்றது ஒரு பிள்ளை.
எட்டு முடிந்தது.
சரியான இடத்தில் உள்ளே வந்தான்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன்.
என் வரி நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
எழுந்து போகவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து பத்துப் பத்து தினாராய்
என் கதவிடுக்கில் கவர் வந்தது. பதினெட்டு மாதம்.
வேண்டாம் என்று ஒருதரமும் நான் சொல்லவில்லை.
கடைசிக் கவர் வந்த வாரம்
ஃபைனல் எக்ஸிட் அடித்து விமானம் ஏறிவிட்டான்.
செக்யூரிட்டி வரிசையில் அந்தக் கோட்டின் முதுகைப்
பார்த்ததாக யாரோ சொன்னார்கள்.

போன வாரம் உடன்குடியிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.
வணக்கம் இல்லை, சுகமா இல்லை.
மூன்று நிமிஷம் பன்னிரண்டு விநாடி,
அவன் வரி மட்டும், மௌனங்கள் எல்லாம் எண்ணப்பட்டு.
குரலில் கொஞ்சம் சரளைக்கல்.
இன்னும் கீழேதான் இருக்கிறான்.

சித்ரா பாலத்தில் ஏசியை அணைத்துவிட்டு
அதோடு என் வரியைப் பாடினேன்.
சிக்னலில், பக்கத்து பிக்கப்பில் இருந்த பட்டாணி
கண்ணாடியை இறக்கி
என்ன பாட்டு என்று கையால் கேட்டார்.
பாதி என்பதற்கு
எனக்குச் சைகை தெரியவில்லை.