மூன்று படி

தேவசகாயம் சார் தரையை
இரண்டடி உயர்த்திவிட்டார்.
"மஞ்சக்குப்பமே முங்கினாலும்
இங்கே தண்ணி ஏறாது டீச்சர்."
வாடகை ஏறியிருக்கிறது, ஆயிரத்து ஐந்நூறு.

கீழே நாற்காலியில் இருந்தபடி
அண்ணாந்து சாவியை வாங்குகிறேன்.
ஈரம் காயாத மூன்று படி.
என் சரிவுப் பலகையைக்
கெடிலம் கொண்டுபோய் இருபத்தைந்து நாள்.

கதவு வழியே சுவர் தெரிகிறது.
வெள்ளம் நின்ற கோடு
அன்றைக்கு என் தோள்வரை;
இப்போது முழங்காலுக்கும் வராது,
உள்ளே போக முடிந்தால்.

"சரிவு வைத்தால் பைக்கை எங்கே நிறுத்துவது?"
வருத்தமாகத்தான் கேட்டார்.

இரண்டு வீடு தள்ளி
விழுந்த பலாவை அறுக்கிறார்கள்.
ஒரு பலகை என்ன விலை என்று கத்தினேன்.
ரம்பம் நிற்கவில்லை.
மறுபடி கத்துகிறேன்,
நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பி.